நல்லூர் ஒழுங்கையில் ஒரு கண்ணாடி முகப்பும் ஒரு சங்கடப்படலையும்

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தைக் குறைத்துவைத்து இந்தப் பயணக் குறிப்பை எழுதுகிறேன். உயிரியல் வகுப்பு என்று சொல்லிவிட்டு இன்று தனியாக நல்லூருக்குப் போய்வந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் இனி என் பயணமெல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் மட்டும்தான்.

போன காரணம் இதுதான். அங்கே ஒரு பழைய ஒழுங்கையில், ஒடுக்கமான தெருவில், மூன்று மாடி அலுவலகம் கட்டப்போகிறார்கள். அதன் வரைபடங்களையும் அட்டையில் செய்த மாதிரியையும் சனிக்கிழமை காலை யாரும் வந்து பார்க்கலாம் என்று முகநூலில் போட்டிருந்தார்கள். ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு புதுக் கட்டிடம் எப்படி ஒத்துப்போகும் என்று பார்க்க ஆசை. நான் படிக்க விரும்புவது கட்டிடக்கலை. அப்பா விரும்புவது மருத்துவம்.

நெல்லியடியில் ஏழரை மணிக்கு 750 பஸ் ஏறினேன். இறங்கும் இடமான நல்லூர் முத்திரைச் சந்தி சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நீங்களும் போனால் யன்னலோரம் இருங்கள். வல்லை வெளியில் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிவிடும். பஸ்ஸில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். சக்கரங்கள் தரையில் உருளுகின்றனவா, மிதக்கின்றனவா என்று எனக்கே தெரியவில்லை. பயம்கூட அந்த வெளியில் சற்றுக் கரைந்துபோனது. பிறகு நீர்வேலி வாழைத்தோட்டங்கள் வந்தன, பயமும் திரும்பி வந்தது.

சந்தியிலிருந்து பத்து நிமிட நடை. அலுவலகம் வரப்போகும் காணியில் வீடு இடிந்துபோய்விட்டது, அதன் சங்கடப்படலை மட்டும் நிற்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒழுங்கை வாசலில் சின்ன ஓட்டுக்கூரையும் இரண்டு பக்கமும் இருக்கையும் வைத்துக் கட்டிய படலை, அதாவது வெளிவாசல், அது. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் யாரும் ஒதுங்கலாம். இப்போது அதில் ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே வேப்பமரத்தின் கீழ் மேசையில் அந்த அட்டை மாதிரி. குனிந்து பார்த்தபோது நானே அந்த ஒழுங்கையில் நெல்மணி அளவில் நடப்பதுபோல இருந்தது. கூரை பக்கத்து வீடுகளின் சரிவிலேயே இறங்கியது. நடுவில் முற்றம். வேப்பமரத்தை வெட்டாமல் சுவரை வளைத்திருந்தார்கள். ஆனால் முன்பக்கம் ஒழுங்கை விளிம்புவரை ஒரே கண்ணாடி. மாதிரியில் படலையைக் காணவில்லை.

வடிவமைத்தவர் சென்னையிலிருந்து வந்த இளம் பெண். என்னைத் தவிர அங்கே நின்றவர் ஓர் ஆட்டோக்காரர் மட்டும். அவர் கோபமாக இருந்தார்.

"ஒருத்தரும் ஏன் வரேல்லை எண்டு யோசிக்கிறியளோ? நாங்கள் கேட்டது ஒண்டு, நீங்கள் கட்டுறது ஒண்டு. பிறகென்னத்துக்குக் கதைக்கிறது?"

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? வீடு வீடா வந்து கேட்டேனே. முன்பக்கம் கண்ணாடி வைக்கலாம்னு இருக்கோம், என்ன நினைக்கிறீங்கன்னு. எல்லாரும் ஒரே பதில்தான். சங்கடப்படலை."

"ஓம்! அதைத்தானே சொன்னனாங்கள்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் சங்கடப்படலை."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். எனக்கு மட்டும் இரண்டு தமிழும் கேட்டது. எங்கள் வீட்டில் பின்னேரம் முழுக்க இந்தியத் தொடர்கள்தான் ஓடும். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் நெல்லியடிக் கணக்கு மாஸ்டரின்ரை மகளெல்லோ? என்னைத் தலையிலை குட்டிக் குட்டிப் படிப்பிச்ச மனுசன். அப்பாவும் வந்தவரே?"

இல்லை என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருக்கலாம். அடுத்த கிழமை வேலை தொடங்கும்போது படலையையும் இடித்திருப்பார்கள்.

"அக்கா," என்றேன் அந்தப் பெண்ணிடம். "இஞ்சை உள்ள ஆக்கள் சங்கடப்படேல்லை எண்டு சொல்லேல்லை. சங்கடப்படலை வேணும் எண்டு சொன்னவை. அங்கை பாருங்கோ, வாசல்லை நிக்கிற அந்தக் கூரைப் படலைக்கு அதுதான் பேர்."

அவர் வாசலைப் பார்த்தார். மாதிரியைப் பார்த்தார். ஆட்டோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட கடவுளே! ஒரு ஒழுங்கையே சேந்து கண்ணாடிக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டமே!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாதிரியின் கண்ணாடித் தாளை விரலால் மெல்ல உரித்தெடுத்தார். "அளக்கலாமா?" என்றார்.

அளக்கத் தொடங்கும்போதே மழை வந்தது. நாங்கள் மூவரும் படலைக்குள் நெருங்கி நின்றோம். அளவு நாடாவின் ஒரு முனை என் கையில், மறு முனை ஆட்டோக்காரர் கையில். சைக்கிளில் போன ஒருவரும் கேட்காமலே உள்ளே வந்து ஒதுங்கினார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைத்திரைக்கு அப்பால் இன்னும் கட்டப்படாத அலுவலகம் நிற்பதுபோலவே எனக்குத் தோன்றியது. கண்ணாடி பின்னால் தள்ளி, முன்னால் இந்தப் படலை, அதற்குள் யாரோ நாலு பேர்.

அந்தப் பெண் வரைபடத்தைப் படலை இருக்கையில் வைத்தே புதுக் கோடு போட்டார். "கம்பெனிக்காரங்க யார் மாத்தச் சொன்னதுன்னு கேட்பாங்க. உன் பேரை எழுதட்டுமா? வரைபடத்தை இங்கேயே மாட்டிடுவேன்."

ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நான் மாஸ்டருக்கு மூச்சும் விடமாட்டன் பிள்ளை. ஆனா பேர் அதிலை தொங்கினால் என்ன செய்வீர்?"

எழுதுங்கோ என்றேன்.

நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள், குடை கொண்டுபோங்கள். மறந்தாலும் பரவாயில்லை, ஒதுங்க இடம் இருக்கிறது. அங்கே யாரிடமும் அபிப்பிராயம் கேட்டால், பதிலில் வந்த சொல் எதைக் குறிக்கிறதென்று கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடம் இடது தூணில் தொங்குகிறது. கீழ் மூலையில் பென்சிலில் ஒரு பெயர் இருக்கும்.

அதை அப்பாவுக்கு வேறு யாரும் வாசித்துக் காட்டக் கூடாது. விடிந்ததும் நானே சொல்லப்போகிறேன். சங்கடப்படலை என்று சென்னைத் தமிழில் முடிக்க ஆசைதான். பொய்யாகிவிடும். சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை அழிக்கச் சொல்லமாட்டேன்.