காந்த முள்ளும் கல்யாண வண்டியும்

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் நான் தனிக்கட்டையாகத் தங்கியிருந்த காலத்தில் நடந்தது இது. பூமியின் காந்தப் புலத்தை ஊர் ஊராகப் போய் அளக்கும் வேலை எனக்கு. நெசவாளர் தெரு ஒன்றில் வாடகை அறை. விடிந்தால் கருவிப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. காந்த முள் வடக்கே பார்க்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உண்மையில் அது நேர் வடக்கே பார்ப்பதில்லை. ஊருக்கு ஊர் ஒரு துளி விலகி நிற்கும். அந்த விலகலை இடம் இடமாக அளந்து, ஒரே அளவு வருகிற இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் அந்த வட்டாரத்துக்கே ஒரு காந்தப் படம் கிடைத்துவிடும். கப்பல் ஓட்டுகிறவர்களிலிருந்து நிலம் அளக்கிறவர்கள் வரை பலருக்கும் அது தேவை.

கருவிக்குள்ளே சின்னக் காந்தம் ஒன்று முறுக்கில்லாத ஒற்றைப் பட்டு இழையில் தொங்கும். பக்கத்தில் இரும்பு வந்தால் தீர்ந்தது, முள் அதன் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதனால் தேர்ச் சங்கிலியும் சைக்கிளும் நிறைந்த காஞ்சிபுரத்துக்குள் அளக்கவே முடியாது. ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டலாகத் தேடிப் போக வேண்டும். கூடாரத்துக்கு மரத்தில்தான் முளை. என் கைக்கடிகாரம், சாவி எல்லாம் தூரத்தில் ஒரு பையில் கிடக்கும். சுற்றிலும் கயிறு கட்டி, "யாரும் கிட்டே வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார வேண்டியதுதான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. பகலெல்லாம் நானே எல்லோரையும் தூரப் போகச் சொல்வேன். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லாமல் தவிப்பேன். சிரிக்காதீர்கள், சில நாள் ஒரு மனிதக் குரல் கேட்கட்டுமே என்று அளவுகளை நானே சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன்.

கூரம் கிராமம் முடிந்தது. திருப்புட்குழியும் முடிந்தது. கடைசியாகத் தென்னேரி. மறுநாளே கருவியை வேறு ஜில்லாவுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டதால், அந்த ஒரு நாளில் அளவு கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் படத்தில் அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடும்.

முதல் நாளே போய் ஏரிக்கரைக்குக் கீழே இடம் பார்த்துக் கயிறு கட்டினேன். ஊர் மணியக்காரர் உற்சாகமான மனிதர். நான் ஊருக்குக் கிணறு வெட்டத் தண்ணீர் பார்க்க வந்திருப்பதாக அவராகவே முடிவு கட்டிவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "யாரும் கயித்தத் தாண்டக் கூடாது. மெட்டி, வளையலு, தோடு ஒண்ணோடயும் கிட்ட வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சட்டம் போட்டார். வெள்ளியாலும் தங்கத்தாலும் ஒன்றும் ஆகாது, இரும்புதான் ஆகாது என்றேன். "நீ சும்மா இரு சார். மொத்தமா வேணாம்னாத்தான் இதுங்க கேக்கும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. கருவி தூக்க வரும் உதவியாளரோ மனைவிக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போயிருந்தார். கொண்டுவந்து விட்ட வண்டிக்காரரும் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். ஊரில் அன்றைக்குக் கல்யாணம் ஒன்று. வேடிக்கை பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. வைகாசி வெயில். முள் காலையில் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய், மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்று திரும்பும். அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டால் காலையிலிருந்து எடுத்ததெல்லாம் வீண். உச்சி வேளைக்குள் எனக்குக் குளிர் உதறத் தொடங்கியது. குடிக்க எழுந்து, தண்ணீர்க் கூஜாவைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. இத்தனை பேர் இருக்கிற ஊரின் ஓரத்தில் இப்படியே செத்துப்போவேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"சார்... இன்னா ஆச்சு சார்?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தார். என் அக்கா வயது இருக்கும். பின்னால் கரைமேல் புல்லுக்கட்டு கிடந்தது.

"அருவாள கரமேலயே வச்சிட்டேன் சார். வேற கழட்டி வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. வரலாமா?"

அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில் பொட்டில்லை. காது, மூக்கு, கழுத்து, கை, கால் விரல், எங்கேயும் ஒன்றுமில்லை. மணியக்காரர் போட்ட சட்டப்படி அந்த ஊரில் எதையும் கழற்றாமல் என் பக்கத்தில் வரக்கூடியவர் அவர் ஒருவர்தான். கையை மட்டும் அசைத்து வரச் சொன்னேன்.

ஏரியில் முந்தானையை நனைத்து வந்து என் முகத்தைத் துடைத்தார். தன் மண் கலயத்திலிருந்து கஞ்சித் தண்ணீர் கொடுத்தார். "அனலா கொதிக்குதே ஒடம்பு. எழுந்திருப்பா, போயிடலாம்" என்றார். முள் திரும்பும் வரை நான் நகர முடியாது, இன்றைக்கு விட்டால் கிடையாது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. என்னைத் தூக்கிக் கருவியின் முன்னால் உட்கார வைத்து, பின்னால் மண்டியிட்டு, நான் சாயாமல் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். காஞ்சிபுரத்துக்கு வந்ததிலிருந்து ஒரு மனிதக் கை என் மேல் பட்டதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் பொண்ணுக்குத்தான் கல்யாணம். தாயில்லாத பொண்ணுபா, நான்தான் வளத்தேன். ஊர்கோலம் முடியற மட்டும் எதுக்க வராதன்னாங்க. சரி, ஆட்டுக்காவது புல்லறுக்கலாம்னு வந்துக்கினேன்" என்றார், ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி.

சற்று நேரம் கழித்து, ஏன் இப்படி யாருமில்லாத இடத்தில் வந்து அளக்கிறேன் என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் நாலு பொருளோடு வந்தால் முள் தடுமாறிவிடும் என்றேன்.

"அப்ப இதையும் கல்யாணத்துக்குக் கூப்ட மாட்டாங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மறுபடியும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முள் நின்றது. மெல்லத் திரும்பியது. எண்ணைக் கிறுக்கலாக எழுதினேன். அவ்வளவுதான், கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அக்கா என்னைக் கூடார நிழலில் படுக்க வைத்துவிட்டு ஊர்ப் பக்கம் பார்த்தார். மேளம் தெருவில் வந்துகொண்டிருந்தது. வண்டி வேண்டுமென்றால் அந்த ஊர்வலத்துக்கு எதிரில்தான் அவர் போயாக வேண்டும். எனக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் அக்கா. சாயங்காலம் என் வண்டி வந்துவிடும்" என்றேன்.

"அதுவரைக்கும் நீ தாங்க மாட்டபா" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போய்விட்டார்.

நான் மேளச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். திடீரென்று அது பாதியில் நின்றது. அங்கே அவர் தனியாக நிற்கிறார், அதுவும் எனக்காக. என்னால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

நெடுநேரம் கழித்து மாட்டு மணிச் சத்தம் கேட்டது. வந்தது மணப்பெண் ஊர்வலம் போன வண்டி! வாழைக்கன்றும் பூமாலையும் கட்டியபடியே வந்திருந்தது. சக்கரப் பட்டை இரும்பு என்று கரைக்கு அப்பாலேயே அதை நிறுத்திவிட்டு, வந்தவர்கள் இடுப்புச் சாவியையும் பேனாக்கத்தியையும் அங்கேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வேலை முடிந்துவிட்டது, பரவாயில்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. என்னையும் கருவியையும் தூக்கி ஏற்றினார்கள். அக்கா அவர்களோடு வரவில்லை.

வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டி ஓட்டியவரிடம் கேட்டேன்.

"நேரா வண்டிக்கு எதுக்க வந்து நின்னுடுச்சு சார். அண்ணங்காரன் அடிக்கவே கைய ஓங்கிட்டான். பொண்ணுதான் வண்டிய வுட்டு எறங்கி, 'அத்த கேக்குது, வண்டிய அனுப்புங்க'ன்னிச்சு. மாப்ளயும் எறங்கிட்டாரு. ரெண்டு பேரும் நடந்தே போறாங்க சார்."

"அப்புறம் அக்காவைப் பந்தலுக்குள்ளே கூப்பிட்டார்களா?"

அவர் மாட்டை அதட்டி ஓட்டினார்.

டைபாய்டு என்றார்கள். தேறியதும் என்னை நேராக அடுத்த ஜில்லாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு லீவில் புடவை ஒன்று வாங்கிக்கொண்டு தென்னேரிக்குப் போனேன். அக்கா பிழைப்புத் தேடி எங்கோ வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை போலிருந்தது. அந்தப் புடவை வெகுகாலம் என் பெட்டியிலேயே கிடந்தது.

படம் அச்சாகி வந்தபோது தென்னேரிப் பக்கம் ஒரு மெல்லிய கோடு போவதை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் கோடு அங்கே நிற்பதற்கு யார் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குப் பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். போக வேண்டிய கல்யாணங்களும் நிறையத்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தலுக்கு வெளியே யாராவது ஒதுங்கி நிற்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. அப்படி ஒருவரைப் பார்த்துவிட்டால், எனக்குப் போட்டிருக்கிற நாற்காலியை விட்டுவிட்டு, "வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.