நீக்கப்பட்ட நான்காம் அத்தியாயம்

சாருடைய இரும்பு அலமாரியின் கதவில் ஒரு வரைபடத் தாள் ஒட்டியிருந்தது. நான் அவரிடம் ஸ்டெனோவாகச் சேர்ந்த 1991 டிசம்பர் 9, திங்கட்கிழமை காலை, முதலில் கண்ணில் பட்டது அதுதான். மையால் போட்ட ஒரு கோடு இடது மூலையிலிருந்து விறுவிறுவென்று ஏறி, பிறகு ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் தாளின் விளிம்பு வரை தட்டையாகப் போனது. அதற்குக் கீழே பென்சிலால் இன்னொரு கோடு, சரிந்து இறங்குவது. முதல் கடிதத்தைச் சொல்லத் தொடங்குமுன் சார் கேட்டார்: “இந்த ரெண்டு கோட்டுல எது நிஜம், சொல்லுங்க பார்ப்போம்?” மேலே இருந்ததைக் காட்டினேன். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” “இங்க்ல போட்டிருக்கீங்களே சார். நிச்சயமில்லாததத்தானே பென்சில்ல போடுவாங்க?” வாய்விட்டுச் சிரித்தார். “இது தெரியாமதான் பாதி உலகம் தடுமாறிக்கிட்டிருக்கு” என்றார்.

பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனம், பெயர் வேண்டாம். சார் அங்கே வானியல் பேராசிரியர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தத் தாளில் இருந்தது ஒரு விண்மீன் மண்டலத்தின் கதை. சூரியனிடமிருந்து தள்ளிப் போகப் போகக் கோள்கள் மெதுவாகச் சுற்றுவதுபோல, மண்டலத்தின் ஓரத்து விண்மீன்களும் மெதுவாகத்தான் சுற்றவேண்டும். அது பென்சில் கோடு. அளந்து பார்த்தால் அவை வேகம் குறையாமல் ஓடுகின்றன. அது மைக்கோடு. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நிரப்பத்தான் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அங்கே குவிந்து கிடக்கிறது என்றார்கள். சார் அதை நம்பவில்லை. “கணக்கு உதைச்சா உலகத்து மேல பழி போடக்கூடாதும்மா. முதல்ல கணக்கத் திருப்பிப் பாக்கணும்” என்பார். ஈர்ப்பு மிக மிக மெலிந்துபோன தொலைவுகளில் ஈர்ப்பின் விதியே வேறாக இருக்கலாம் என்பது அவர் பக்கம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம். படித்த புத்தகங்களிலிருந்து இந்தச் சர்ச்சைக்கும் ஒரு கால அட்டவணை தயாரித்தேன். யுரேனஸ் தடம் விலகியபோது, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார்கள். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் தடம் விலகியபோதும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயர்கூடச் சூட்டினார்கள். அது அகப்படவே இல்லை. 1915இல் ஈர்ப்பைப் பற்றிய கோட்பாடே மாறியபோதுதான் புதனின் கணக்கு நேரானது. அட்டவணையைப் படித்துவிட்டு சார், “பேர் வெச்சாச்சு, ஆளத்தான் காணோம்” என்று சிரித்தார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, “எங்க மேடம் போட்டது” என்பார். பத்தாவது முடித்துவிட்டுத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று சொல்லத் தேவையில்லை. ஆறரை வருடங்கள் அவருடைய சந்தேகத்தை நானும் என்னுடையதாக வைத்திருந்தேன்.

எங்கள் நூலகத்தில்தான் ஒரு பெண் எனக்குப் பழக்கமானாள். ஆரணிக்காரி. தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தொம்மலூரில் அண்ணன் வீட்டில் தங்கி, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பத்திரிகைகளைப் பார்க்க வருவாள். மதியம் இருவரும் டப்பாவைத் திறந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தத் தட்டைக் கோட்டைப் பற்றியதுதான். இருபத்திரண்டு மண்டலங்களை எடுத்துக்கொண்டு, கரும்பொருளே இல்லாமல், விதியை மட்டும் மாற்றிக் கணக்குப் போட்டிருந்தாள்.

1998 பிப்ரவரியில் ஒருநாள் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: “அக்கா, எக்ஸாமினர் பேனலுக்கு எங்க கைடு பேர் கேக்கறாரு. உங்க சார் பேரக் குடுக்கலாமா? டார்க் மேட்டர் இல்லேன்னு எழுதினா சில பேர் திறந்துகூடப் பாக்காம தூக்கிப் போட்டுடுவாங்களாம்.”

“தாராளமாக் குடு. இந்த ஊர்லயே உன் நாலாவது சாப்டர முழுசாப் படிக்கப்போறவர் அவர் ஒருத்தர்தான்” என்றேன்.

“உறுதியாச் சொல்றீங்களா?”

“ஆறு வருஷமா அவர் பேசறத எழுதிக்கிட்டிருக்கேன்டி. எனக்குத் தெரியாதா?”

ஆய்வேடு ஜூலை முதல் வாரம் தபாலில் வந்தது. 9ஆம் தேதி வியாழக்கிழமை, மூன்று மணித் தேநீரின்போது சார் அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டினார். “பிரமாதமாப் பண்ணியிருக்கா இந்தப் பொண்ணு. நான் சோம்பேறித்தனமா பத்து வருஷம் வாயிலயே பேசிக்கிட்டிருந்தத உக்காந்து போட்டுக் காட்டியிருக்கா.” அன்று மாலை ஜீவனஹள்ளியில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் பிடிக்காமல் நடந்தே போனேன். அவளிடம் சொல்லத் துடித்தது. விதிப்படி சொல்லக்கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய், 14ஆம் தேதி, சார் கூப்பிட்டார். இடையில் திங்கட்கிழமை டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கரும்பொருள் விண்வெளியில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தேடும் பெரிய திட்டம் ஒன்றுக்கு அவரை ஆலோசனைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். கடிதத்தைப் பிரித்துக் கொடுத்தவளே நான்தான். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து ஆய்வேட்டு அறிக்கையைச் சொல்லத் தொடங்கினார். கரும்பொருள் இருப்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. ஆய்வாளர் அதை அறியாமல் எழுதியிருக்கிறார். நான்காம் அத்தியாயம் முழுவதும் நீக்கப்பட்டாலன்றிப் பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது.

என் பென்சில் நின்றுவிட்டது. “சார், போன வாரம் நீங்க...”

“போன வாரம் பேசினது டீ குடிக்கறப்ப பேசினதும்மா. இது ரிப்போர்ட்.”

“நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே சார்.”

“நல்லாத்தான் இருக்கு. அதுக்குன்னு கமிட்டில உக்காந்துக்கிட்டு இதுல கையெழுத்துப் போட முடியுமா? சின்னப் பொண்ணு, ஒரு சாப்டர எடுத்தா ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது. எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். தட்டச்சு செய்தேன். வெளியே வந்தபோது அட்டெண்டர், “ஏனு மேடம், முக யாக்கே ஹீகிதே?” என்று கன்னடத்தில் என் முகவாட்டத்தை விசாரித்தார். தலைவலி என்றேன். உறை மூன்று நாள் என் மேசையில் கிடந்து, வெள்ளிக்கிழமைத் தபாலில் போயிற்று.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். சார் மனம் மாறியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. பின்னாளில் கரும்பொருளுக்கு ஆதரவாக வந்த சான்றுகளையும் படித்தேன், சில வலுவானவை. விதியை மாற்றினால் போதும் என்கிறவர்களுக்கு இன்றும் சரியாக விடை சொல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. கரும்பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த ஐந்து நாட்களில் சாருக்கு எந்தப் புதுச் சான்றும் வரவில்லை. வந்தது ஒரு கடிதம் மட்டுமே. அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும், இது தேநீருக்கா, ரிப்போர்ட்டுக்கா என்று கேட்டுக்கொண்டேதான் எழுதினேன். அவள் நூலகத்துக்கு வருவது அந்த ஆகஸ்டோடு நின்றுவிட்டது.

2004 பிப்ரவரி 18, புதன்கிழமை மாலை. தொம்மலூர் பஸ் நிறுத்தத்தில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளேதான். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, கரும்பொருளை ஏற்று இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்துப் பட்டம் வாங்கினாளாம். அதோடு வானியலை விட்டுவிட்டு சாஃப்ட்வேருக்குப் போய்விட்டாளாம். “நான் நம்பாதத நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்கா. அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்தையெல்லாம் தொடவே பிடிக்கல” என்றாள்.

“யாரோ ஒருத்தர் அப்படி எழுதிட்டாருன்னு...” என்று நான் இழுத்தேன்.

“யாரோ இல்லையேக்கா. யூனிவர்சிட்டில எக்ஸாமினர் பேரையும் கையெழுத்தையும் மறைச்சுத்தான் ஜெராக்ஸ் குடுத்தாங்க. கீழ ஓரத்துல ரெண்டு இனிஷியல் இருந்துச்சு.”

தட்டச்சு செய்யும் எந்தக் கடிதமானாலும் கீழே இடது ஓரத்தில் சொன்னவர் முதலெழுத்தையும், ஒரு சாய்கோடு போட்டு அடித்தவர் முதலெழுத்தையும் பதிப்பது எங்கள் தொழில் வழக்கம். பெயர் வெளியே தெரியக்கூடாத அந்த அறிக்கையிலும் கை பழக்கத்தில் அதை அடித்திருக்கிறது.

“சார் இப்படிப் பண்ணுவாருன்னு நான் கனவுலகூட நினைக்கலடி. என்னையும்தான் ஏமாத்திட்டாரு” என்றேன்.

“இருக்கலாம். ஆனா சார எனக்குத் தெரியாதேக்கா. ஒருதடவகூட நேர்ல பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது நீங்கதான்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “அது போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க கைடு வேற எக்ஸாமினர் கேட்டிருப்பாரு.”

“அது கான்ஃபிடென்ஷியல்மா. சொல்லக்கூடாது” என்றேன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே கேட்டது. அவள் சாலையை எட்டிப் பார்த்து, “சிவாஜிநகர் பஸ் வருதுக்கா. ஏறிக்குங்க, சீட் இருக்கு” என்றாள். ஏறினேன். சீட்டும் கிடைத்தது.

ஐந்தரை வருடங்களாக எனக்கு நேர்ந்த துரோகம் என்றே அதை எண்ணி வந்திருந்தேன். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் நெருங்கியபோதுதான், அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அவள் வேலை செய்யும் கம்பெனியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.