குவாங் கூவிய காலை

பிரிஞ்சாங் டவுனுக்கு இறங்கும் பாதையில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் டாக்டரம்மா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பார்த்தவர்கள் பிள்ளைத்தாய்ச்சி என்றே நினைத்திருப்பார்கள். கம்பளிச் சட்டைக்குள் துணியில் சுற்றிய ஒரு முட்டை இருந்தது. மழையில் கரண்ட் போய், முட்டை பொரிக்கும் பெட்டி ஆறத் தொடங்கியிருந்தது. டவுனில் ஒரு ஹோட்டலில் ஜெனரேட்டர் உண்டு. "மெதுவா லா, மெதுவா" என்று டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். பனிக்குள் தேயிலை மேடுகள் தோன்றித் தோன்றி மறைந்தன. நாங்கள் போகிறோமா, மலைகள்தான் எங்களைக் கடந்து போகின்றனவா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த முட்டை பொரிந்தது. மயிலுக்கும் கோழிக்கும் நடுவில் இருக்கும் ஒரு காட்டுப் பறவை அது; மலாயில் குவாங் என்பார்கள். ஆண்பறவையின் வாலில் நீலமும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கண்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அழிந்துகொண்டிருந்த அந்த இனத்தைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விடுவதுதான் டாக்டரம்மாவின் வேலை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னைத் தீனி வைக்கச் சேர்த்துக்கொண்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் விட்ட ஜோடி நெடுநாள் தாங்கவில்லை. தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில், யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் ஆண்பறவை செத்துக் கிடந்தது. பெட்டையைக் காணவில்லை. டாக்டரம்மா மேனேஜரிடம் சொல்லி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைச் சோதனை போட வைப்பார் என்று எல்லாரும் பயந்தார்கள். அவரோ ஞாயிற்றுக்கிழமை காலை செத்த பறவையை லயத்து வாசலுக்கு எடுத்து வந்து, ஒரு பலகையில் கிடத்தி, வாலை விரித்தார்.

"கறிக்கோழின்னுல்ல நெனச்சோம்" என்றார் கங்காணி, தொப்பியைக் கழற்றியபடி.

"இந்த மாதிரி நம்ம மலைங்களத் தவிர வேற எங்கேயும் கெடையாதுங்க. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை. அந்த வாரமே கூண்டு வாசலில் முறுக்கிய கண்ணிக் கம்பிகள் ஒரு கட்டாகக் கிடந்தன. யார் கொண்டுவந்து போட்டது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு வருஷக்கணக்காகப் பறவைகளைக் காட்டில் விட்டோம். சிலது பிழைத்தது, சிலது போனது. குவாங் கண்ணில் படுவது அபூர்வம். குரலை வைத்துத்தான் அது இருப்பதை அறிய முடியும். அந்தக் குரல்தான் டாக்டரம்மாவுக்கு மெல்ல மெல்ல விலகிப் போயிற்று. முதலில் சின்னக் குருவிகளின் சத்தம் கேட்காமல் போனது. அப்புறம் காடே அவருக்கு ஊமையாகிவிட்டது. காதில் மெஷின் வைத்துப் பார்த்தார். காற்றின் இரைச்சல்தான் பெரிதாகியது. கூட்டங்களில் சிரித்துச் சமாளிப்பார். ஜீப்புக்குள் வந்ததும் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் ஒரு காலை, பனி கலைவதற்கு முன், தேயிலைக்கு நடுவே நின்றிருந்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் ஒரு பறவையையும் கொண்டுபோய் விடாத எதிர்மேட்டுக் காட்டிலிருந்து, கரகரவென்று ஒரு கூவல் எழுந்தது. காட்டிலேயே பிறந்து, தானாகவே பள்ளம் தாண்டிய பறவையாகத்தான் இருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் காட்டினேன்.

"அங்கேயா? நெசமாவா, தங்கச்சி? எப்படி இருந்துச்சு? கத்திக் காட்டு."

வெட்கத்தை விட்டு அவர் காதருகே கத்தினேன். கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். அப்போது எதிர்மேட்டிலிருந்து அது எனக்குப் பதில் கொடுத்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவர் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"சொல்லாத. தெரியுது" என்றார்.