ஒன்பதாம் தேதி போட்டு ஏழாம் தேதி வந்த கார்டு

சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டை அஞ்சலக மேசையில் விரித்து, அதன்மேல் போஸ்ட்கார்டை வைத்து, ஓரத்தை இரண்டு விரலால் அமுக்கிக்கொள்கிறார் விஜயதாஸ். "மையில ரெண்டு தட்டு, வெறும் பேப்பர்ல ஒரு தட்டு, பின்ன கார்டுல. அமர்த்திட்டு நேரே எடுத்துரணும். உருட்டாண்டாம்." முப்பது வருஷம் முத்திரை குத்திய போஸ்ட்மாஸ்டர்களுக்கும் இதே பாடம்தான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மை காயும்வரை ஊதிவிட்டு, கார்டைத் தபால் பையில் சேர்க்கச் சொல்லிக் கிளம்பிவிடுவார். அதில் எழுதியிருப்பது அவருடைய விலாசமேதான். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாறசாலையில் அவர் வீட்டுக்கு வந்து சேரும். "கடுதாசி போட ஆளில்லாத மனுசன், தனக்குத்தானே போடுதாரு" என்பார் மனைவி அமிர்தா.

வயது ஐம்பத்தெட்டு. தொழில் தையல் மெஷின் பழுதுபார்ப்பது. ஸ்கூட்டரின் முன்னால் எண்ணெய்க் குப்பியும் பெல்ட்டும் ஊசிகளும் கிடக்கும் தகரப்பெட்டி. பின்னால், மழைக்குப் பிளாஸ்டிக் சுற்றிய கார்டுக் கட்டு. காஞ்சிரங்குளத்தில் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டு, அம்பூரி மேட்டில் இன்னொன்றுக்குப் பல் மாற்றி, வழியில் எத்தனை கிளை அஞ்சலகம் உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்குவார்.

இந்த முத்திரைச் சேகரிப்பின் தொடக்கம் ஒரு வாடிக்கைக்காரியின் கார்டு. 'மெஷின் ஓடல்ல, சீக்கிரம் வரணும்' என்று எழுதியவள் பெயரையும் ஊரையும் எழுத மறந்துவிட்டாள். விஜயதாஸ் முத்திரையில் ஊர்ப்பெயரைப் படித்து, அங்கே போய் விசாரித்து, மத்தியானத்துக்குள் மெஷினை ஓடவிட்டுவிட்டார். "ஆளு மறந்தாலும் சீலு மறக்காது. அதாக்கும் அதுக்க குணம்."

ஆல்பத்தில் இப்போது நூற்றுச் சொச்சம் ஊர்கள். வரிசை அகரவரிசையல்ல, அவர் ஸ்கூட்டர் போகும் வரிசை. ஒற்றசேகரமங்கலம் என்ற பெயர் முத்திரை வட்டத்துக்குள் அடங்க மூச்சுமுட்டி, எழுத்துகள் தோளோடு தோள் நெருக்கி நிற்கும். அம்பூரிக்குத் தாராளமாக இடம். காட்டும்போது யாரையும் தொடவிடமாட்டார்.

சென்ற ஆகஸ்டில் அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. ஆறாம் தேதி ஒரு கிளை அஞ்சலகத்தில் கார்டு போட்டார். அதன் பெயரை எழுதக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான நிபந்தனை. ஏழாம் தேதி கார்டு வீடு வந்தது. பாறசாலை முத்திரையில் ஏழு. புறப்பட்ட முத்திரையிலோ ஒன்பது. காலையில் தேதி அச்சைச் செருகும்போது ஆறு தலைகீழாக நின்றுவிட்டது. போடுவதற்கு இரண்டு நாள் முன்பே வந்து சேர்ந்த கார்டு! சேகரிப்போர் வாட்ஸாப் குழுவில் படம் போட்டார். கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் நாற்பது முத்திரை பதிலுக்குத் தருவதாகச் சொல்லியும் மசியவில்லை. ஊரெல்லாம் காட்டினார். அந்த அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர் ஸ்ரீகுமாரியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பாவம், பதறுவாள் என்று நினைத்தார்.

செப்டம்பரில் அதே ஊரில் ஜினி என்ற தையற்காரியின் மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் முகம் சரியில்லை. கேட்டபோது ஒரு கவரை எடுத்துப் போட்டாள். தையல் பயிற்சி மையத்தில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆகஸ்ட் ஆறாம் தேதி முத்திரைக்குப் பிந்தியது செல்லாது என்பது விதி. ஒன்பது என்று விழுந்திருப்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஆறாம் தேதி காலத்த நானே கொண்டு குடுத்தேன் அண்ணே. அடுத்த வருசம் எனக்கு வயசு கடந்துபோவும். சொன்னா ஆரு நம்புவா?"

விஜயதாஸின் கையிலிருந்த திருப்புளி நின்றுவிட்டது. ஒரு மாதமாக எதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாரோ, அதே ஒன்பது.

"நான் நம்புதேன் மக்கா" என்றார். "எனக்கிட்ட சாட்சி உண்டு."

மெஷினை அப்படியே போட்டுவிட்டு, கவரோடு நேராக ஸ்ரீகுமாரியிடம் போனார். அவள் கவரையும் அவர் போனிலிருந்த கார்டின் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்குப் போன எல்லாத்துக்கும் எழுதியிருப்பேனே அண்ணா."

"தப்பு எனக்கதாக்கும்" என்றார் விஜயதாஸ். அவர் வாயிலிருந்து அபூர்வமாக வரும் வாக்கியம் அது.

ஸ்ரீகுமாரி மேலதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். வெள்ளைத்தாளில் தன் பிழையைத் தன் கையெழுத்திலேயே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தாள். குத்துமுன் தேதி அச்சை மூன்று முறை பார்த்தாள்.

மறுநாள் விஜயதாஸ் ஜினியைக் கூட்டிக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போனார். இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் ஆல்பம். அதிகாரி கடிதத்தைப் படித்தார். "இது ஆரும் எழுதித் தரலாம்" என்றார்.

விஜயதாஸ் ஆல்பத்தைத் திறந்தார். "இந்த கார்டும் அன்னைக்கு அங்கேருந்துதான் போச்சு. போட்டது ஒம்பதுன்னா, ஏழாம் தேதி பாறசாலையில எப்பிடி வரும் சாறே? ரெண்டு ஆபீசு, ரெண்டு சீலு. ஒண்ணு பொய் சொன்னா மத்தது காட்டிக்குடுக்கும்."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை.

"செரி. எடுக்கலாம். பக்ஷே படம் போராது, ஒறிஜினல் ஃபைலில் வேணும். திரிச்சுக் கிட்டாது."

கொடுத்தால் கார்டு இனித் திரும்பக் கிடைக்காது. ஜினி விஜயதாஸைப் பார்த்தாள். "வேண்டாம் அண்ணே" என்றாள், மெல்ல.

"நீ சும்மா இரி" என்று ஆல்பத்தின் உறையிலிருந்து கார்டை உருவினார். அதை அவராக யார் கையிலும் கொடுத்தது அதுவே முதல்முறை.

அதிகாரி விண்ணப்பத்தின் தலையில் 'ஏற்கலாம்' என்று எழுதி, நேர்முகத்துக்கு வரவேண்டிய நாளை ஜினியிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கிளார்க்கிடம் தள்ளினார். கிளார்க் கார்டையும் தாள்களையும் சேர்த்து மேசையில் தட்டி நேராக்கி, ஓட்டை போடும் கருவியை எடுத்தார். விஜயதாஸ் எழுந்து வந்து மேசைமேல் குனிந்தார். இடது கட்டைவிரலைக் கார்டின் ஒரு முத்திரையின் மேலும் வலது கட்டைவிரலை மற்றதன் மேலும் வைத்து மூடிக்கொண்டார்.

"இனி குத்துங்க சாறே" என்றார்.