ஆளையா, ஊரையா

கடலூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் குடை, சென்ட், டார்ச் லைட், கைக்கடிகாரம் எல்லாம் அங்கே கைமாறும். கேமராக்களுக்கு மட்டும் தனிக் கண்ணாடிப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தோழியும் நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்து அந்தக் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் எங்களை உட்காரச் சொல்லி, விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆள எடுக்கப் போறீங்களா, ஊர எடுக்கப் போறீங்களா?"

"ரெண்டையுந்தான்" என்றாள் தோழி.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லிகினு வர்றாங்க. பிரிண்டு போட்டா ஒண்ணுதான் இருக்கும்."

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமான சின்னக் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது, முப்பத்தெட்டு எம்.எம்., கொஞ்சம் அகலமாகப் பார்ப்பது. மற்றொன்று பெரியது, லென்ஸ் மாற்றக்கூடியது. சாதாரண லென்ஸோடு நூற்று முப்பத்தைந்து எம்.எம். நீள லென்ஸும் அதற்கு இருந்தது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். தோழிக்குப் பெரியதன்மேல் கண். எனக்குச் சின்னதன்மேல். யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்தோம்.

நாங்கள் டார்ஜிலிங் போவதாக இருந்தோம். நாங்கள் வேலை பார்த்த நெய்வேலி நிறுவனத்தில் சில வருடங்களுக்கு ஒரு முறை, இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் பயணச் செலவைக் கொடுப்பார்கள். எல்.டி.சி. என்று அதற்குப் பெயர். அந்தச் சில வருடங்களுக்குப் பெயர் பிளாக். டவுன்ஷிப்பில் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அதே பெயர்தான். பிளாக் முடிவதற்குள் போகாவிட்டால் உரிமை போய்விடும். டவுன்ஷிப்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் தாஜ்மகால் முன்னால் நிற்கும் ஒரு குடும்பம் இருக்கும். எங்கள் இருவருக்கும் இதுவே முதல் எல்.டி.சி.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தி, பிறகு செய்தி திருத்தி, அங்கிருந்து நெய்வேலிக்கு வந்தவள். நிறுவனத்தின் உள்சுற்று இதழில் வேலை. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நான் திருநெல்வேலிப் பக்கம், அவள் கோயம்புத்தூர்ப் பக்கம். இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். நெய்வேலியில் அப்படிச் சேர்ந்தவர்களை ஒரே செட் என்பார்கள். உறவு சொல்லிக் கூப்பிட யாரும் இல்லாத ஊரில், உறவுக்கு அடுத்தபடியாக வைத்திருந்த சொல் அது. "உங்க செட்டு எங்க மேடம்?" என்று விடுதிச் சமையல்கார அம்மா என்னிடம் கேட்டால் அவளைக் கேட்கிறார் என்று அர்த்தம்.

ஊரில் மற்ற எல்லோருக்கும் நான் மேடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான், அதுவும் பாதி நேரம் "ஏ புள்ள" என்றுதான். அவளுக்கு ஷிப்ட் வேலை, எனக்குப் பகல் வேலை. அவள் மாலை ஷிப்ட் பார்க்கும் வாரங்களில் நான் அலுவலகத்தில் பேசியதோடு சரி. விடுதிக்கு வந்தபின் பேச்சு கிடையாது. பதினைந்து நாள் அவளோடு ஒரே ரயிலில், ஒரே அறையில் இருக்கப் போகிறேன் என்பதுதான் அந்த வருடத்தில் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே விஷயம். மலை எனக்கு இரண்டாம்பட்சம்.

எந்த லென்ஸ் என்ற சண்டையைத் தீர்க்க ஒரு வழி எனக்குத் தெரியும். ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு முப்பத்தாறு மில்லிமீட்டர் நீளம், இருபத்துநான்கு அகலம். அந்த அளவில் அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸின் எண் எவ்வளவோ அத்தனை மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால், அந்த லென்ஸுக்குத் தெரிவது கண்ணுக்கும் தெரியும். நாளிதழில் இருந்த புகைப்படக்காரர் ஒருவர் காட்டிக்கொடுத்தது. காலண்டர் அட்டையில் ஜன்னல் வெட்டி, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அவளுக்கு விடுப்பான ஒரு மாலை டவுன்ஷிப்பின் எல்லைச் சாலைக்குப் போனோம். அங்கிருந்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவைதான் கஞ்சன்ஜங்கா என்று முடிவு செய்துகொண்டோம்.

கன்னத்தில் ஸ்கேலை ஊன்றி நான் அட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டிக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா மேடம், சர்வேயா? இங்க புது பிளாக் கட்டப் போறாங்களா?"

"இல்லீங்க, இமயமலை பாக்கறோம்" என்றாள் அவள்.

அவர் புகைபோக்கியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் மைன்ஸ் பக்கம் பாக்கறதா இருந்தா பாஸ் வாங்கிகினு பாருங்க" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

முதலில் நீள லென்ஸின் தூரம். அவள் முழுசாக ஜன்னலுக்குள் வர, நான் பின்னால் நடந்து நடந்து சாலையோர முந்திரி மரம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. புகைபோக்கி அவள் தலைக்குப் பின்னால் பிரமாதமாக எழுந்து நின்றது. ஆனால் அவள் ஏதோ சொல்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

பிறகு முப்பத்தெட்டு. மூன்று எட்டு தள்ளி நின்றாலே போதும், முழு ஆளும் வந்துவிட்டாள். பேசுவது, சிரிப்பது, சாம்பல் தூசி விழுந்து கண்ணைத் தேய்ப்பது எல்லாம் பக்கத்தில்.

"சிம்னி எப்படித் தெரியுது?"

"பென்சில் மாதிரி."

"அப்ப மலையும் பென்சில்தானா? இதுக்கு எதுக்குப் புள்ள டார்ஜிலிங்? பண்ருட்டிக்குப் போயி பலாப்பழத்துக்குப் பக்கத்துல நின்னுக்கலாம்."

ஆனாலும் சின்னதற்குத்தான் ஒத்துக்கொண்டாள். பெரியதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது, பையிலிருந்து எடுத்து லென்ஸ் மாற்றுவதற்குள் மேகம் மூடிவிடும் என்று நான் சொன்னேன். இரண்டும் உண்மைதான். கேட்கிற தூரத்தில் நீ நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. நாளிதழ்ப் பழக்கத்தில், நடுவில் நிற்காதே, இடது ஓரத்தில் நில், வலப்பக்கம் மலைக்கு இருக்கட்டும் என்றேன். அவள் அன்று இருட்டும்வரை வெவ்வேறு இடங்களில் இடது ஓரத்தில் நின்று காட்டினாள்.

அடுத்த மாதம் அவள் அம்மா ஊரிலிருந்து வந்தார். விடுதியின் பார்வையாளர் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, கடலூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை, அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்தான். தை மாதம் கல்யாணம். அதற்கப்புறம் அவளுக்குக் கிடைக்கும் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு அவர் பஸ்ஸில் போய்வருவார். எல்லாம் நல்ல செய்தி. நானும் அப்படித்தான் சொன்னேன்.

"ஒண்ணு கேக்கோணும் கண்ணு" என்று அம்மா என்னிடம் திரும்பினார். "கல்யாணம் ஆச்சுன்னா இந்த டூர் காசு ரெண்டு பேருக்கும் குடுப்பாங்களாமே? மாப்பிள்ளை வூட்ல விசாரிச்சிருக்காங்க. அவருக்கு அவுங்க கம்பெனியில இதெல்லாம் கெடையாது. இப்ப ஒண்டியாப் போயிட்டு வந்துட்டா அது தீந்துருமில்ல?"

தீர்ந்துவிடும். விதி அதுதான். அதை எங்கள் இதழில் கேள்வி பதிலாக எழுதியதே நான்தான்.

"ஆமாங்கம்மா" என்றேன். "இந்த பிளாக்குல ஒரு தடவதான்."

தோழி சேலை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நாம அடுத்த பிளாக்குல போலாம் புள்ள" என்றாள்.

"எதுக்குக் கண்ணு பிளாக் மாறோணும்?" என்றார் அம்மா. "இங்கயே பக்கத்துல குவார்ட்டர்ஸ் கேளு. ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்கலாமல்ல?"

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துபோயிற்று.

நான் விடுப்பை ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் ஏன் என்று கேட்பார்கள். கேமரா வாங்கக் கடலூருக்குத் தனியாகப் போனேன். வெயில் நேரம், கடையில் வேறு யாருமில்லை. பாய்க்கு என்னை அடையாளம் தெரிந்தது. அதே இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, கேமரா, தோல் உறை, ஃபிளாஷ் எல்லாம் சேர்த்து வேண்டுமா, தனியாக வேண்டுமா என்ற பொருளில், கடைக்காரர் எவரும் கேட்பதுபோல் கேட்டார்.

"செட்டா வேணுமா, தனியாவா?"

"அவ வரலீங்க" என்றேன். "அவளுக்குக் கல்யாணம்."

பாய் கையில் தோல் உறையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நெய்வேலிப் பேச்சு கடலூரில் செல்லாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் திருத்தவில்லை.

"நல்லது தங்கச்சி, நல்லா இருக்கட்டும்" என்றார். உறையை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப ஊரத்தான் எடுக்கப் போறீங்க. அதுக்கு இந்தப் பெரிசு நல்லா இருக்கும். பாத்துடுங்க."

நீள லென்ஸை மாட்டிக் கொடுத்தார். வாசல் வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தேன். கூடைக்காரி ஒருத்தியும் வாங்க வந்தவளும் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் முகமும் அவ்வளவு அருகில் வந்தன. மூக்குத்திக் கல் தெரிந்தது. அவர்கள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல், யாரிடமும் கேட்காமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அது சுலபமாக வந்துவிடும் என்று தோன்றியது. லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சின்னதையே கேட்டேன்.

"கனம் ஜாஸ்தி" என்று காரணம் சொன்னேன்.

"அதுவும் சரிதான். இதுல தானா எடுத்துக்கற லீவர் இருக்கு பாருங்க. இழுத்து விட்டுட்டு ஓடிப்போய் நின்னுக்கலாம்."

டார்ஜிலிங்கில் முதல் நாட்கள் மூடுபனி. லாட்ஜின் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு ஒரு காலையில் மலை தெரிந்தது. எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். தனியாக வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கேமராவை என்னிடம் கொடுத்தது. வங்காளிக் குடும்பம், குஜராத்திக் குடும்பம், ராணுவத்தில் இருந்த ஒருவரும் அவர் மனைவியும். மொழி தேவைப்படவில்லை, கையைக் காட்டி இடம் சொன்னேன். எல்லாரையும் இடது ஓரத்தில் நிறுத்தினேன். நன்றி சொல்லிக் கேமராவை வாங்கிக்கொண்டு போனார்கள். லீவரை இழுத்துவிட்டு அத்தனை பேர் நடுவில் ஓடிப்போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஃபிலிமில் மலையை மட்டும் எடுத்தேன். பிறகு வந்த நாட்களில் சின்ன ரயில், தேயிலைச் சரிவு, கடைத்தெரு.

திரும்பி வந்ததும் டவுன்ஷிப் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படங்கள். நாளிதழ்க் கண்ணால் பார்த்தபோது குறை சொல்ல எதுவுமில்லை: கூர்மை சரி, வெளிச்சம் சரி. ஒவ்வொன்றின் பின்னாலும் இடத்தின் பெயரை எழுதினேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அவள் என் அறைக்கு வந்தாள். கல்யாணப் பட்டு எடுத்த கதையைச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ராத்திரி தனியாப் படுக்கப் பயமா இல்லியா புள்ள?"

"இல்ல."

"நீ எங்க? ஒண்ணுல கூடக் காணமே?"

"எடுக்கறவ எப்படிடி வருவா?"

அவள் மலைப் படத்தைக் கையில் எடுத்தாள். வலப்பக்கம் பனிமலை, கீழே பைன் மரங்கள். இடப்பக்கம் புல்தரை, ஒரு வேலிக்கம்பு. வேலிக்கம்பின் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க நான் நிக்கோணும்ல?"

நான் எட்டிப் பார்த்தேன். அடுத்த படத்தில் ரயில் வலப்பக்கம் வளைந்து போயிற்று. இடப்பக்கம் நடைமேடை காலியாக இருந்தது. "இங்கயும் நாந்தான்" என்று சிரித்தாள். தேயிலைச் சரிவில், "இங்கயும்." கடைத்தெருவில் அத்தனை கூட்டத்திலும் இடது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தரை விட்டிருந்தது. நான் அதைத் தெரிந்து செய்யவில்லை. மூன்று எட்டு தூரம், கணக்கு வைத்ததுபோல.

நாலைந்து படம்வரை விரல் வைத்துச் சிரித்தவள், அதற்கப்புறம் விரல் வைக்கவில்லை. மீதியை வேகமாகப் புரட்டாமல் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாள். முடிந்ததும் ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள்.

அன்று அவளுக்கு மாலை ஷிப்ட். சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். செருப்பை மாட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள். நான் ஜன்னலில் நின்றேன். அவள் சாலை திருப்பத்தில் நின்று ஏதோ சொல்லிக் கையாட்டினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை; நானும் கையாட்டினேன்.