கேட்காமல் போட்ட குரல்

மலேசியாவில், மெர்கோங்கில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து வாசுகி ரவிக்கை தைக்கிறாள். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வாடிக்கையாளர்கள் எல்லாரும் கைப்பேசி வழியாக வருகிறவர்கள். பாதிப்பேரின் முகத்தை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனால் யாருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், யாருக்குக் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

வயது நாற்பத்து மூன்று. அப்பாவும் அம்மாவும் பெண்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். வாசுகி பதினேழு வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். கொள்ளைநோய் வந்த வருடம் அவள் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள். கணவர் லோகேஸ்வரன் லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் அப்போது ஓட்டம் குறைந்திருந்தது. வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்த பழக்கமும் இருந்தது.

வாசுகி பருத்த உடம்புக்காரி. கல்யாணத்துக்கு முன்பு ஒரு தையல்கடையில் அளவு கொடுக்க நின்றபோது, நாடாவைச் சுற்றியவர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் மறக்கவே இல்லை. தன்னைப்போல் கடைக்குப் போகக் கூசுகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைத்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே அளவெடுத்து அனுப்புங்கள், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முகநூலில் எழுதினாள். எப்படி அளவெடுப்பது என்று திங்கட்கிழமைதோறும் சின்னதாக ஒரு காணொளி போட்டாள். அதில் முகம் எதுவும் வராது. அவள் கை, நாடா, அளவு காட்ட ஒரு தலையணை, அவ்வளவுதான். நாடா இல்லாதவர்களுக்குக் கயிறும் பிள்ளைகளின் அடிக்கோலும் போதும் என்று காட்டினாள்.

அறுபது பேர் பார்ப்பார்கள். சில வாரம் எழுபது. ஆனால் பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள், கேட்டவர்கள் தைக்கக் கொடுத்தார்கள். ஒருத்தி தைக்கக் கொடுத்தால் அவள் தங்கை வருவாள், தங்கை தன்னோடு வேலை செய்கிறவளை அனுப்புவாள். மூன்று வருடத்தில் அவளுடைய முகநூல் பக்கத்தில் ஆயிரத்து நூறு பேர் சேர்ந்திருந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் ரூபினி. முப்பத்தாறு வயது. ஜித்ராவில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை. கொழுந்தனார் கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை வேண்டும் என்று எழுதினாள். அளவு மட்டும் அனுப்பவில்லை. இன்றைக்கு அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்று மூன்று வாரம் போனது. வாசுகி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒருநாள் மதியம் குரல்செய்தி வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயால் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். கணவர் ஜெயகுமாருக்கும் தன் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். பதினோரு வயது மகளிடம் வயிற்றில் ஆப்பரேஷன் என்று சொல்லிவைத்திருக்கிறோம் என்றாள்.

வாசுகி அந்த ரவிக்கையை நான்கு முறை தைத்தாள். உள்பக்கம் ஒரு பை வைத்துப் பஞ்சு அடைத்தால், நடக்கும்போது அது மேலே ஏறியது. கனம் வேண்டும் என்று புரிந்தது. சின்னத் துணிப்பையில் பச்சைப்பயறு போட்டு, பஞ்சுக்கு நடுவே வைத்துத் தைத்து, தானே இரண்டு நாள் போட்டுக்கொண்டு சமைத்தாள், சந்தைக்குப் போனாள். சரியாக வந்த பிறகுதான் கூரியரில் அனுப்பினாள்.

கல்யாணத்தன்று ரூபினி ஒரு படம் அனுப்பினாள். அரக்கு நிறப் புடவையில், மண்டப வாசலில், நிமிர்ந்து நின்றாள். கூடவே ஒரு குரல்செய்தி.

“அக்கா, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் கண்ணாடிய நேரா பாத்தேன். கூன் போடாம நின்னேன்கா. ஒங்களுக்கு மட்டும் காட்டணும்னு தோணுச்சு.” பேசும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கேட்ட வாசுகிக்கும் வந்தது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன் வாசுகிக்கு ஒரு பொறுமையின்மை வந்தது. சுங்கைப் பட்டாணியில் புடவை விற்கிற ஒரு பெண் நேரலையில் வந்தால் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அவளுடைய துணி அப்படியொன்றும் உசத்தி இல்லை என்பது வாசுகிக்குத் தெரியும்.

“மூணு வருஷமா ஒரே எடத்துல நிக்கிற மாதிரி இருக்குங்க” என்று லோகேஸ்வரனிடம் சொன்னாள்.

“எங்க நிக்கிற? நடந்துக்கிட்டுத்தான இருக்க” என்றார் அவர். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

அலோர் ஸ்டாரில் ஓர் உணவகத்தின் மாடியில், இணைய வியாபாரத்தைப் பற்றி ஒருநாள் வகுப்பு நடந்தது. நடத்தியவர் யோகேந்திரன் என்ற இளைஞர். கெட்டிக்காரர், நன்றாகவும் பேசினார். வாசுகியின் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி, “அக்கா, இவ்ளோ நல்லா தைக்கிறீங்க, ஆனா கையும் தலகாணியும் காட்டுனா யாரு நிப்பா? துணிய காட்டாதீங்க, கதைய காட்டுங்க. கண்ணு கலங்குனா அடுத்த வீடியோவுக்கு விரலு நகராது லா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாசுகியும் சிரித்தாள். உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கதையை எழுதுங்கள் என்று தாள் கொடுத்தபோது, அவள் கை தானாக ரூபினியைப் பற்றி எழுதியது.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து காணொளியைச் செய்தாள். படத்தில் முகத்தை வெட்டிவிட்டாள். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. பார்த்தபோது உயிரில்லாமல் இருந்தது. அந்தக் குரலைச் சேர்த்தாள். உடனே உயிர் வந்துவிட்டது.

போடுவதற்கு முன், ‘ரூபினி, உங்க படத்த போடலாமா?’ என்று தட்டினாள். அனுப்பவில்லை. வேண்டாம் என்றுதான் பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுத்து எழுத்தாக அழித்தாள். முகமே இல்லையே, இதைப் பார்த்து நாலு பெண்களுக்குத் தைரியம் வந்தால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டுவிட்டாள். பின்னாளில் இதை நினைத்து அவள் அழுதது அந்தக் காணொளிக்காக அல்ல, அழித்த அந்த ஒரு வரிக்காகத்தான்.

இரண்டே நாளில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆயிரத்து நூறு பேர் பத்தொன்பதாயிரம் ஆனார்கள். கைப்பேசி ஓயவில்லை. தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கையெடுத்துக் கும்பிடும் படங்கள் வந்தன. யோகேந்திரன், “பாத்தீங்களா அக்கா!” என்று அனுப்பினார். வாசுகி சோறு வடிக்கும்போதும் கைப்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் தாமானில் இரண்டு பெண்களைத் தைக்கச் சேர்த்தாள். ஒவ்வொருவரிடமும் பேசி அளவு கேட்க நேரமில்லாததால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்துத் தைத்து அனுப்பினாள்.

நான்காம் நாள் காலை ரூபினி அழைத்தாள். அவள் குரலில் அழுகை இல்லை.

“அக்கா, அது என் குரலு.”

“ரூபினி, மொகத்த வெட்டிட்டேன்மா. பேரு கூட...”

“என் குரலு எங்க வீட்டுக்குத் தெரியாதாக்கா? எங்க ஆபீசுக்குத் தெரியாதா? நாத்தனா மாமியாருக்கு அனுப்பிட்டாங்க. அதகூட விடுங்க. நேத்து பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள என் மக கிட்ட போட்டுக் காட்டியிருக்கு. வீட்டுக்கு வந்து, அம்மா நீங்க சாகப்போறீங்களான்னு கேக்குறா.”

“இப்பவே எடுத்துடுறேன்மா” என்றாள் வாசுகி.

“ஒங்களுக்கு மட்டும்னுதான சொன்னேன்” என்று சொல்லிவிட்டு ரூபினி வைத்துவிட்டாள்.

வாசுகி அந்த நிமிடமே காணொளியை நீக்கினாள். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் அதைத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தேடி, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதினாள். சிலர் எடுத்தார்கள். சிலர் பதில் சொல்லவில்லை. ஒருவர், நல்ல விழிப்புணர்வுதானே, ஏன் எடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம்தான். இன்னொருவர் சொல்லும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரன் அவளைக் காரில் ஜித்ராவுக்கு அழைத்துப் போனார். ரூபினியின் வீட்டு கேட்டருகே ஜெயகுமார் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து ரூபினி வந்தாள். வாசுகி அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தோளைக் குறுக்கி, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சேதான் கேக்கல” என்றாள் வாசுகி. அதை மட்டும் மறைக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே முடிவுசெய்து வந்திருந்தாள்.

“நீங்க கெட்டவங்கன்னா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். அந்த பிளவுஸ் நல்லாத்தான் இருக்கு அக்கா. போட முடியல” என்றாள் ரூபினி. பிறகு உள்ளே போய்விட்டாள்.

பழைய வாடிக்கையாளர்கள் யாரும் சண்டை போடவில்லை. சத்தமில்லாமல் போனார்கள். பெண்டாங்கில் இருக்கும் ஷீலா மட்டும் எழுதினாள். முதல் வருடத்திலிருந்தே தைக்கக் கொடுக்கிறவள். “அக்கா, என் அளவெல்லாம் ஒங்ககிட்ட இருக்கே, அழிச்சிடுறீங்களா?” வாசுகி அழித்துவிட்டேன் என்று பதில் எழுதினாள். ஷீலா நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு ஷீலா வரவில்லை.

அந்தப் பத்தொன்பதாயிரம் பேரும் ரவிக்கைக்காக வந்தவர்கள் அல்ல. திங்கட்கிழமை அளவெடுக்கும் காணொளியைப் போட்டால் நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை. மூன்றாகப் பிரித்துத் தைத்த ரவிக்கைகள் பாதி திரும்பி வந்தன. அக்குளில் பிடிக்கிறது, கழுத்து இறங்குகிறது என்று பக்கத்தின் கீழே எழுதினார்கள். யோகேந்திரனிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனாலும், “அடுத்த கதை ஒண்ணு போடுங்கக்கா, இல்லன்னா எல்லாரும் மறந்துடுவாங்க. இந்தத் தடவ கேட்டுட்டுப் போடலாம்” என்றார்.

“மறக்கட்டும் தம்பி” என்றாள் வாசுகி.

அவள் அந்தப் பக்கத்தையே மூடினாள். மூடுவதற்கு முன், முன்பிருந்து தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினாள். ஒரு பெண் நம்பி அனுப்பியதைக் கேட்காமல் ஊருக்குக் காட்டிவிட்டேன், அது என் தப்பு என்று. மாதக்கணக்கில் எழுதினாள். அறுபத்திரண்டு பேர் பதில் போட்டார்கள். அவர்களை வைத்துக்கொண்டு மறுபடி வாட்ஸ்அப்பில் தொடங்கினாள்.

இப்போது முந்நூறு பேர் வரை இருக்கிறார்கள். திங்கட்கிழமைக் காணொளி உண்டு. எவ்வளவு பயற்றங்காய் போட்டுச் சமைத்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று கணக்குப் போடுவதுபோல, தையலுக்கு எவ்வளவு துணி விட்டு வெட்டவேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறாள். வாடிக்கையாளர்கள் தாங்களாகவே படம் எடுத்து, “போட்டுக்கங்க அக்கா” என்று அனுப்பினாலும் போடுவதில்லை. இது மெதுவான வழி என்று அவளுக்குத் தெரியும். முன்பு அதை ஒரு குறையாக நினைத்தாள். வேகமாக வந்தவர்கள் எதற்காக வந்தார்கள், எதற்காகப் போனார்கள் என்று பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு வீட்டுப் பிள்ளை அழவேண்டியிருந்ததே என்பதுதான் அவளால் விழுங்க முடியாதது.

ரூபினிக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வாழ்த்து அனுப்புகிறாள். படித்துவிட்டாள் என்று காட்டும் இரண்டு நீலக் குறிகள் விழும். பதில் வருவதில்லை.

மார்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களும் சிலர் வருகிறார்கள், ஒருவர் சொல்லி ஒருவராக. அளவு கேட்பதற்கு முன் வாசுகி அவர்களிடம், தான் முன்பு செய்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறாள். போன மாதம் கூலிமிலிருந்து தேவகி என்ற ஒரு பெண் கேட்டாள், “இத ஏங்க்கா என்கிட்ட சொல்றீங்க? சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“தெரிஞ்சிக்கிட்டு குடுங்க. இல்லன்னா குடுக்காதீங்க” என்றாள் வாசுகி.

சிலர் யோசித்துவிட்டு அளவு அனுப்புகிறார்கள். சிலர் அனுப்புவதில்லை. தேவகி இன்னும் அனுப்பவில்லை. வாசுகி நினைவூட்டி எழுதவும் இல்லை.