அவருக்காக நான் அழுத்திய பொத்தான்

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு என் வீட்டுக்காரர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். "வேணாம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் வேணாம், மூத்திரம் முட்டினாலும் வேணாம், போனில் மகள் அழுதால் அதற்கும் வேணாம். முகத்தைப் பார்த்து நானாக அர்த்தம் பண்ணிக்கொள்வேன். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

தேர்தலுக்கு முன்னால் அலுவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே ஓட்டுப் போடலாமாம். "அய்யா என்ன சொல்றாக?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டி "வேணாம்" என்றார். அந்த ஒரு தடவை அது நிஜமான வேணாம் என்றே எனக்குப் பட்டது. ஓட்டுப் போடும் நாள் அவருக்கு அப்படி. விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வரிசையில் முதல் ஆளாக நிற்பார். யாருக்குப் போட்டார் என்று எனக்குச் சொன்னதே இல்லை. "பொண்டாட்டிகிட்டயே சொல்லிட்டா அப்புறம் என்ன ரகசியம்?" என்று சிரிப்பார். நானும் சொல்ல மாட்டேன்.

அதனால் ஆட்டோ வைத்து அனுமந்தன்பட்டி பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். வாசலுக்கு வெகு முன்னாலேயே வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, "மதினி, அண்ணன் என்னைக்கும் எங்க ஆளுதான். ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். நாலு அடி தள்ளி எதிர்க்கட்சி மேசை. அங்கிருந்தவரும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். இருவருக்கும் சேர்த்து இவர் "வேணாம்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நல்லா இருந்த காலத்தில் இருவரிடமும் இவர் தலையாட்டியிருக்கிறார். நிஜமாக எந்தப் பக்கம் என்று சொல்ல இனி அவருக்கு வாய் இல்லை.

சக்கர நாற்காலியைத் தள்ள ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். முன்பெல்லாம் அவர் பேச்சுக்குச் சிரித்தவர்கள், இப்போது அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். உள்ளே அவருடைய பேரைச் சத்தமாக வாசித்தார்கள். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். நான் என் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன். பூத்தின் பெரிய அதிகாரி என்னிடம், "அவுகளால அழுத்த முடியலேன்னா நீங்க கூடப் போய் அழுத்தலாம்மா. அவுக யாருக்குன்னு காட்டுறாகளோ அதைத்தான் அழுத்தணும். வெளிய சொல்லக் கூடாது" என்றார். ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் வலது விரலிலும் மை வைத்தார்கள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டும். இயந்திரத்தில் மேலிருந்து கீழாகச் சின்னங்கள். அவர் இடது கையைத் தூக்கி வைத்தேன். அந்தக் கை அசையும், ஆனால் விரல் நினைத்த இடத்தில் நிற்காது; நழுவி மடியில் விழுந்தது.

முதல் சின்னத்தைக் காட்டி, "இதாங்க?" என்றேன்.

"வேணாம்."

"இது?"

"வேணாம்."

ஒவ்வொன்றாக இறங்கினேன். யாருக்கும் இல்லை என்று போட்டிருக்கும் கடைசிப் பொத்தானையும் காட்டினேன். அதற்கும் வேணாம். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. ஏதோ சொல்ல வருகிறார், நாக்கு அந்த ஒரு சொல்லில் மோதி மோதித் திரும்புகிறது.

"அம்மா, வெளிய ஆள் நிக்கிறாக" என்று அதிகாரி குரல் கொடுத்தார்.

நான் போட்டதையே அவருக்கும் போட்டுவிடலாம். அது திருட்டு மாதிரி இருந்தது. மறுபடி மேலிருந்து விரலை நகர்த்தினேன். ஒரு சின்னத்தில் அவர் கண் சற்று நின்ற மாதிரி இருந்தது. நின்றதா, கண்ணீர் மறைத்ததா தெரியவில்லை. அழுத்தினேன்.

பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள், எந்தச் சின்னம் என்று காட்டும் சீட்டு தெரிந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். சீட்டு உள்ளே விழுந்ததும் "வேணாம், வேணாம்" என்று அலறி, இடது கையால் மேசையை அடித்தார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"தப்பா அழுத்திட்டேன் போல சார். மாத்தி அழுத்தலாமா?"

"அழுத்துனா அழுத்துனதுதாம்மா" என்றார் அதிகாரி, மெதுவாக.

ஆட்டோவில் வரும்போது, "நான் அழுத்துனது ஒங்களுக்குப் பிடிக்கலையா? இல்ல, நீங்களா அழுத்த முடியலேன்னு அழுறீகளா?" என்று கேட்டேன். அவர் ரோட்டோரத் திராட்சைப் பந்தல்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் அன்று சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அதுவரை எனக்கொரு நம்பிக்கை இருந்தது. உள்ளே அவர் முழுசாக இருக்கிறார், பேச்சு மட்டும் ஒருநாள் திரும்பிவிடும் என்று. பேச்சு திரும்பும் என்பது அன்றோடு விட்டுப்போனது. உள்ளே அவர் முழுசாகத்தான் இருக்கிறார் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. அவருக்கு வேண்டியதை இனி நான்தான் குத்துமதிப்பாக முடிவு பண்ண வேண்டும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

மறுநாள், இவர் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வழக்கமாக வரும் தம்பி உத்தமபாளையத்திலிருந்து வந்தார். இவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்கம் குறைஞ்சிருக்குக்கா" என்றார். விரல் மடங்கினாலும் வாயில் அந்த ஒரு சொல்தானே மிஞ்சும் என்று தோன்றியது. நான் காப்பி கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று இருந்து, "இனிமே வர வேணாம் தம்பி" என்றேன்.